வராதவர்களுக்கான கேக்

பாப்பாவின் முதல் பிறந்தநாளுக்கு வந்திருந்தவர்கள்: அப்பா, அம்மா, அக்கா, அக்காவின் இடுப்பில் பாப்பா, தாய்மாமன் என்ற முறையில் புதுச் சட்டை போட்டிருந்த நான், எங்கள் தெருக்காரர்கள், அப்பாவோடு உப்பளத்தில் வேலை பார்க்கும் நாலைந்து பேர், அவர்கள் கூட்டி வந்த பிள்ளைகள். வராதவர்கள் மூன்றே பேர்: அக்காவின் மாமியார், மாமனார், பாப்பாவைப் பெற்ற அத்தான்.

வந்தவர்களுக்கு எண்ணூறு ரூபாய்க் கேக் தாராளம். நாங்கள் வாங்கியதோ எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க் கேக். மிச்சம் அத்தனையும் வராத மூன்று பேருக்காக. இப்படிப் பிரித்து விலை போட்டவர் எங்கள் எதிர்வீட்டில் கேக் செய்து விற்றுக்கொண்டிருந்த அக்கா.

தெருவில் எல்லாருக்கும் அவர் கேக் அக்காதான். கோயிலில் வைத்த நீளமான பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டோடு சரி. நாற்பதைத் தாண்டியவர். நைட்டிக்கு மேல் தோளில் ஒரு துண்டு, தலைமுடியை மூடி ஒரு பிளாஸ்டிக் தொப்பி, முழங்கை வரை சர்க்கரைப் பொடி. கை எப்போதும் மாவில் இருக்குமென்பதால் போனைக் கன்னத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசுவார். ஆர்டர் கேட்டு யார் கூப்பிட்டாலும், எத்தனை கிலோ, சாக்லேட்டா வெனிலாவா என்றெல்லாம் ஆரம்பிக்க மாட்டார்.

"யாரெல்லாம் வாராவ?"

சொல்வார்கள். ஊம் கொட்டுவார். அது சும்மா மரியாதைக்கு.

"யாரு வரல?"

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்கும். பிறகு கொட்டும். தாலி பிரித்துக் கோத்ததற்கு வராத நாத்தனார், வீடு பால் காய்ச்சியதற்கு வந்தும் கை நனைக்காமல் போன சித்தப்பா, சர்வே கல்லை நகர்த்தி நட்ட பங்காளி. கேக் அக்கா உருட்டுக்கட்டையை நிறுத்தாமல் எல்லாவற்றையும் கேட்பார். கதை முடிந்ததும் துண்டில் கையைத் துடைத்து, போனைக் காதில் ஒழுங்காக வைத்துக்கொண்டு விலையைச் சொல்வார். கதையைச் சொல்லி முடித்தவர்கள் யாரும் விலையைக் குறைக்கச் சொல்லி நான் கேட்டதில்லை.

"வாரவன் ஒரு துண்ட வாயில போட்டுட்டு பிரியாணி எங்கன்னு கேப்பான் தம்பி. வராதவந்தான் போட்டோவ ரெண்டு விரலால விரிச்சு விரிச்சுப் பாப்பான். அப்போ கேக்கு யாருக்கு?"

நான் அவர் வீட்டுக்குள் போய்வரக் காரணம் இங்கிலீஷ். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் படிக்கட்டு ஏறியவன் என்பதால், கேக்கின் மேல் ஒட்டும் எழுத்துகளைச் சரிபார்க்க என்னைக் கூப்பிடுவார். பகலில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் பில் போடுவேன். சாயங்காலம் பிறந்தநாள் வாழ்த்துகளைத் திருத்துவேன். கூலியாக, கேக்கைச் சமப்படுத்த வெட்டியெடுத்த மேல்பகுதியை ஒரு கிண்ணத்தில் போட்டுத் தருவார். சொல்லப்போனால் அவர் செய்ததில் ருசியானது அதுதான்.

மேலே போர்த்துகிற ஃபாண்டன்ட்டை நான் வாயில் வைக்க மாட்டேன். சர்க்கரைப் பொடியைச் சப்பாத்தி மாவு போலப் பிசைந்து, கலர் சேர்த்து, மெல்லிசாகத் தேய்த்துக் கேக்கின் மேல் போர்வை மாதிரி விரிப்பார்கள். அந்த மாவிலேயே பூ, பொம்மை, கப்பல் எல்லாம் செய்து ஒட்டுவார்கள். பார்க்க அவ்வளவு அழகு. தின்றால் பல்பொடி. இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

"திங்கதுக்கு யாரு செஞ்சா? பட்டுச்சேலைய கடிச்சுப் பாத்தா வாங்குதோம்?"

அந்தப் போர்வைக்கு எங்கள் ஊர்க் காற்று ஆகாது. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் அது மனிதர்களைவிட வேகமாக வேர்க்கும். பளபளவென்று நீர் கோத்து, பொம்மையின் கண் மை கரைந்து, கழுத்து சாயும். அதனால் அவர் வீட்டில் இருந்த ஒரே ஏசி, கேக் வைக்கிற அறையில் ஓடியது. அவர் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறவர். மாதக்கணக்கில் கடலில் கிடந்துவிட்டு லீவில் வருகிற அந்த மனிதர், வைகாசி வெயிலில் கேக் மேசைக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

"கொறட்ட விடாதீய, மேல பூ ஆடுது," என்று அவரை எழுப்புவார் கேக் அக்கா.

அவருடைய தொழில் திறமைக்கு ஒரு சாட்சி சொல்ல வேண்டுமானால், மளிகைக்கடை அண்ணாச்சியின் அறுபதாவது பிறந்தநாளைச் சொல்வேன். அண்ணாச்சிக்குச் சர்க்கரை வியாதி. ஒரு கிலோவில் சாதாரணமாக ஒன்று போதும் என்றுதான் வந்தார்.

"யாரு வரல அண்ணாச்சி?"

"வராட்டா என்ன தாயி? எதுத்த கடைக்காரன் வரமாட்டான். என் சித்தப்பா மவந்தான். எங்கிட்டயே பொட்டணம் மடிக்கப் படிச்சுட்டு, எனக்கு நேரா போர்டு மாட்டிட்டான். சீனி கிலோவுக்கு ஒரு ரூவா கொறச்சு விக்கான்."

கேக் அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறந்தநாளன்று கேக் தயாரானபோது அது அண்ணாச்சியின் கடையாகவே இருந்தது. அரிசி மூட்டை, தராசு, தொங்கும் வாழைத்தார், கல்லாவில் அண்ணாச்சி, எல்லாம் சர்க்கரையில். கேக்கின் ஓரத்தில், எதிரே, தீப்பெட்டி அளவில் இன்னொரு கடை. அதன் ஷட்டர் இறங்கியிருந்தது.

"இது எதுக்குக்கா?"

"இதுக்குத்தான் தம்பி ரெண்டாயிரம் கூட."

அண்ணாச்சி வந்தார். தன் கடையை ஒரு பார்வைதான் பார்த்தார். பிறகு குனிந்து அந்தத் தீப்பெட்டிக் கடையை வெகுநேரம் பார்த்தார்.

"பூட்டு தொங்குதா தாயி?"

"தொங்குது அண்ணாச்சி. சாவி ஒங்க கல்லாவுல இருக்கு."

பணத்தை எண்ணி வைத்தார். விழாவில் அந்த மூலையை மட்டும் யாரையும் வெட்ட விடவில்லையாம். எல்லாரும் போன பிறகு, மருமகள் பார்க்காத நேரத்தில், சர்க்கரை வியாதிக்காரர் அந்தப் பூட்டை மட்டும் எடுத்து வாயில் போட்டு மென்றாராம். அது ஒன்றுதான் ஃபாண்டன்ட்டை ருசித்துத் தின்ற நிகழ்ச்சியாக எனக்குத் தெரிந்தது.

நான் நியாயமாக விலை போடப் படித்தவன். இப்படி ஆள் முகம் பார்த்து விலை சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் எக்செல்லில் ஒரு விலைப் பட்டியல் போட்டுக் கொடுத்தேன். முட்டை, மைதா, வெண்ணெய், கரண்ட், அவர் உழைக்கும் நேரம், அதற்கு மேல் லாபம். எதை மாற்றினாலும் கடைசிக் கட்டத்தில் விலை தானாக மாறும். அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார்.

"நல்லா இருக்குல. ஜன்னல் மாதிரி கட்டம் கட்டமா இருக்கு. இதுல வராதவுகளுக்கு எந்தக் கட்டம்?"

"அது செலவே இல்லியேக்கா."

"செலவு இல்ல. வருமானம் அதானல?"

"மனுசங்க கோவத்துக்கெல்லாம் விலை போடக் கூடாதுக்கா. தப்பு."

"கோவத்த நானா உண்டாக்குனேன்? அவுக கொண்டு வாராவ, நான் கலர் அடிச்சுக் குடுக்கேன்." உருட்டுக்கட்டை மறுபடி ஓட ஆரம்பித்தது. "மேல என்னமோ படிக்கப் போறேன்னியே, என்னது அது?"

"காஸ்ட் அக்கவுண்டன்ட். அதுக்குத்தான் பணம் சேத்துக்கிட்டு இருக்கேன்."

"படி, படி. பாஸானதும் வா, ஒரு கேக்கு போடுவோம். யாரு வரமாட்டாவன்னு மட்டும் இப்பமே யோசிச்சு வை."

அவரைத் திணறடித்த ஆள் ஒருவர் உண்டு. லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். மகள் பிறந்தநாளுக்குக் கேக் கேட்டு வந்தார்.

"யாரு வரல?"

"எல்லாரும் வாராவக்கா. பந்தல்ல எடம் பத்துமான்னுதான் தெரியல."

"கொழுந்தியா?"

"அவ நேத்தே வந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்கா."

"தம்பி? ஒந்தம்பிக்கும் ஒனக்கும் ஆவாதுன்னாவளே?"

"அவன் வண்டியிலதான் கேக்க ஏத்திட்டுப் போவணும். என் வண்டி டயரு போச்சு."

"அப்போ ஒங்க வீட்டுல சண்டையே கெடையாதா?"

"ஏன், டெய்லி உண்டு. விடிஞ்சா மறந்து போவுது."

கேக் அக்கா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். அறுநூற்றைம்பது ரூபாய் என்றார். போர்வை இல்லாமல், பொம்மை இல்லாமல், வெறும் கிரீம் தடவி மேலே நாலு செர்ரி வைத்துக் கொடுத்தார். வண்டி போன பிறகு என்னிடம் சலித்துக்கொண்டார். "இப்பிடி நாலு குடும்பம் இருந்தா நான் குசினிய சாத்திர வேண்டியதுதான்."

செய்த கேக்கை எல்லாம் அவரே போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போடுவார். போட்டதும் மாவுக் கையோடு போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, வேலைக்கு நடுவே எட்டி எட்டிப் பார்ப்பார். யாரெல்லாம் பார்த்தார்கள் என்ற வரிசையில் ஒரு பெயர் வர வேண்டும். வந்ததும் "பாத்துட்டா" என்பார். முகம் தெளியும். ஒருநாள் கேட்டேன், யார் என்று.

"கூடப் பொறந்தவ. வேம்பார்ல இருக்கா. பேச்சு வார்த்த கெடையாது."

"ஏன்?"

"அவ மவ கல்யாணத்துக்கு எனக்குத் தபால்ல பத்திரிக்க அனுப்புனா. நேர்ல வந்து வைக்கல. வேம்பாரு என்ன அமெரிக்காவா? பஸ்ஸுல ஏறுனா எறங்கிரலாம்." ஒரு ரோஜா இதழை விரலால் அழுத்தி மெலிதாக்கினார். அது கிழிந்தது. "இருக்கட்டும். பாக்கட்டும்."

ஊரையெல்லாம் கேட்டு விலை போட்டவர், அந்த ஒருத்திக்கு மட்டும் வருஷக்கணக்கில் இலவசமாகக் கேக் செய்துகொண்டிருந்தார். கேக் அக்கா இப்போது தன் மகளோடு மஸ்கட்டில் இருக்கிறார். ஸ்டேட்டஸ் வருவது நிற்கவில்லை.

எங்கள் கேக்குக்கு வருகிறேன்.

அக்காவை ஏரலில் ஒரு ஜவுளிக்கடைக் குடும்பத்தில் கொடுத்திருந்தோம். வளைகாப்புக்கு நாங்கள் கொண்டுபோன வெள்ளிக் கொலுசை அவள் மாமியார் சபையில் வைத்து உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தார். "உப்பளத்து வீட்டுச் சம்மந்தம்லா, உப்புக்குப் பஞ்சமிருக்காது," என்றார். அக்காவுக்கு அப்பாவின் வாய். "அந்த உப்பு இல்லாம ஒங்க கொழம்பு எறங்குமா அத்த?" என்று கேட்டுவிட்டாள். அத்தோடு முடிந்தது. பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவளைத் திரும்பக் கூட்டிப்போக ஏரலிலிருந்து ஒருவரும் வரவில்லை. அத்தான் மட்டும் கடை குடோனில், துணி பேல்களுக்கு நடுவில் நின்று, வீடியோ காலில் பாப்பாவிடம் கிசுகிசுப்பார். யாரோ வரும் சத்தம் கேட்டால் படம் அணைந்துவிடும்.

அம்மாவுக்கு வேண்டியது ஒன்றுதான். அவர்களாக வந்து மகளையும் பேத்தியையும் கூட்டிப்போக வேண்டும். நாம் போய்க் கெஞ்சியதாகவும் இருக்கக் கூடாது.

கேக் வாங்கப் போகும்போதே அம்மாவிடம் சொல்லித்தான் கூட்டிப்போனேன். "எண்ணூறு ரூவாய்க்கு பட்டர் கேக். அவுக என்ன கேட்டாலும் வாயத் தெறக்காத."

"யாரெல்லாம் வாராவக்கா?" என்று அம்மாவிடம் ஆரம்பித்தார் கேக் அக்கா.

"நம்ம தெருவு. அவுக கூட வேலை செய்யுத ஆளுக."

"யாரு வரல?"

அம்மா என்னைப் பார்த்தாள். "யாருமில்ல" என்று ஆரம்பித்தாள். அதை முடிப்பதற்குள் உதடு கோணிவிட்டது. பிறகு கொலுசில் தொடங்கிக் குடோன் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். விலை ஏறுவதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கேக் அக்கா உருட்டுக்கட்டையைக் கீழே வைத்தார். அவர் அதைக் கீழே வைத்து நான் பார்த்தது அன்றுதான்.

"ரெண்டு அடுக்கு போடுவோம். கீழ கடலு. மேல சிப்பி வாயத் தெறந்து இருக்கு. உள்ள முத்து. முத்துமேல ஒங்க பேத்தி."

"எவ்வளவுளா ஆகும்?"

"எட்டாயிரத்து ஐநூறு."

"அக்கா, இதுக்கு முட்ட, மைதா எல்லாஞ் சேத்தாலும்..." என்று நான் ஆரம்பித்தேன்.

"நீ சும்மா இரி. ஒங்க அம்மா முட்டையா வாங்குதாவ?"

அம்மா தீபாவளிச் சீட்டுப் பணத்தை முந்தானையிலிருந்து அவிழ்த்தாள். கேட்டது ஒரே கேள்வி. "போட்டோவுல நல்லா வருமா?"

கடலில் முத்துக் குளிப்பு நின்று எவ்வளவோ காலமாகிவிட்டது. ஊருக்கு முத்துநகர் என்ற பெயரும், அந்தப் பெயரில் ஒரு ரயிலும்தான் மிச்சம். அந்தச் சமயத்தில் எங்கள் ஊரில் முத்து எடுத்துப் பிழைத்தவர் கேக் அக்கா ஒருவர்தான். சர்க்கரையில் உருட்டி, மினுக்குப் பொடியில் புரட்டி, ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்து வைத்தார்.

பிறந்தநாளன்று அவரே கேக்கோடு வந்தார். கூடவே ஒரு ஆட்டோவில் வேறு சாமான்கள் வந்தன. வெடிப்பு விழுந்த எங்கள் சுவரை மறைத்து நீலப் பட்டுத் திரை கட்டினார். முக்காலியைத் தள்ளிவிட்டுத் தன்னுடைய கண்ணாடி மேசையை வைத்தார். அக்காவைத் தன் வீட்டு வெல்வெட் நாற்காலியில் உட்கார வைத்தார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை படத்தில் விழாமலிருக்கத் தரையில் மண்டியிட்டு எடுத்தார்.

"சீக்கிரம் சிரிளா. முத்து வேர்க்க ஆரம்பிச்சிரும்."

படம் எடுத்து முடித்தார். கேக் எங்கள் வீட்டுப் புழுக்கத்தில் கொஞ்ச நேரம்தான் தாங்கியது. முத்துகள் ஒன்றோடொன்று ஒட்டின. சிப்பி மெல்ல வாயை மூடிக்கொண்டு தலை குப்புறச் சாய்ந்தது. அப்பாவோடு வேலை செய்கிற மாமா ஒருவர் ஒரு துண்டைக் கடித்துவிட்டு அப்பாவிடம் கேட்டார். "உள்ள நல்லாத்தான் இருக்கு. மேல எதுக்குல சுண்ணாம்பு அடிச்சிருக்கு?" எல்லாரும் உரித்துப் போட்டுவிட்டுத் தின்றார்கள். எட்டாயிரத்து ஐந்நூறில் பெரும்பகுதி வாழையிலையோடு வெளியே போனது.

அக்கா படத்தை ஸ்டேட்டஸில் போட்டாள். கேக் அக்கா மேசையைக்கூட எடுக்காமல் அவள் பக்கத்திலேயே நின்றார். அம்மா கை கழுவாமல் நின்றாள். ஏரல் பெயர் வந்தது.

"பாத்துட்டா," என்றார் கேக் அக்கா.

மறுநாள் விடிந்ததும் போன் வந்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"மதினி, சொவமா இருக்கியளா? நீங்க கஷ்டப்படுதியளேன்னு, ஒங்களுக்குச் செலவு வைக்கக் கூடாதுன்னுதான் நாங்க ஒதுங்கி இருந்தோம். படத்தப் பாத்த பெறவுல்லா தெரியுது! வீடு மாத்திட்டியளோ? பட்டுத் திரை, கண்ணாடி மேச... கேக்குலயே முத்தா கொட்டிக் கெடக்கு. தாய்மாமன் கப்பல் கம்பெனியில இருக்காவளாமே?"

கப்பல் கம்பெனியில் நான் பில் போடுகிறேன். கப்பல்கள் என்னுடையவை அல்ல. இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா கையைக் காட்டி அடக்கினாள்.

"வார மாசம் பிள்ளைக்குக் காது குத்திருவோம் மதினி. மாமன் மடியில வச்சுத்தான குத்தணும். கழுத்துக்கு, கைக்கு, காதுக்கு மாமன் செய்யாம யாரு செய்வா? அன்னைக்கே பிள்ளையையும் மருமவளையும் கூட்டிட்டு வந்துருதோம்."

திரை இரவல், மேசை இரவல், நாற்காலி இரவல் என்று அம்மா அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். பாப்பாவைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். "செஞ்சிருவோம் மதினி" என்றாள்.

நான் நேராக எதிர்வீட்டுக்குப் போனேன்.

"அக்கா, ஒங்க கேக்கால என்ன ஆயிருக்கு தெரியுமா?"

எல்லாவற்றையும் கேட்டார்.

"வரவைக்கணும்னுதான ஒங்க அம்மா கேட்டாவ? வாராவல்லா?"

"நகை கேட்டுல்லா வாராவ?"

"பெறவு கேக்கு திங்கவா வருவாவ?" மாவைப் புரட்டிப் போட்டார். கொஞ்சம் யோசித்தார். "ஆனா திரை ஒரு சுத்து பழசா மாட்டியிருக்கணும்ல. அது என் தப்புதான்."

காது குத்துக்கு இன்னொரு கேக் சொல்ல அம்மாவே போனாள். நானும் பின்னால் போனேன்.

"யாரு வரலக்கா?"

"எல்லாரும் வாராவ. ஏரல்ல இருந்து ஒரு வேன் நெறைய வாராவ."

"ஒருத்தர் கூட பாக்கி இல்லியா?"

"இல்லளா."

கேக் அக்காவின் முகம் விழுந்துவிட்டது. "அப்போ அறுநூத்தம்பது குடுங்க."

பாப்பா என் மடியில்தான் உட்கார்ந்தாள். ஆசாரி காதில் குத்தியபோது கத்திய கத்தலில் என் சட்டைப் பொத்தான் ஒன்றைப் பிய்த்துவிட்டாள். அத்தான் குடோன் இல்லாத வெளிச்சத்தில் முதல்முறையாகத் தன் மகளைத் தூக்கினார். தூக்கியவர் இறக்கவே இல்லை. மாமியார் நாங்கள் செய்து போட்ட செயினை எடுத்து, கொலுசைத் தூக்கிப் பார்த்த அதே உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. வேனில் ஏறும்போது அக்கா என்னை ஜன்னலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டாள். "ஏலே, அந்த வெல்வெட் நாற்காலி நம்மது இல்லன்னு எந்தக் காலத்துலயும் வாய் விட்டுராத."

அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. காஸ்ட் அக்கவுண்டன்ட் படிக்க நான் சேர்த்திருந்ததும் போனது. ஆனாலும் அதுவரை படித்தது முழுக்க வீணாகவில்லை. அன்று சாயங்காலம் லேப்டாப்பைத் திறந்து, கேக் அக்காவுக்காகப் போட்ட அதே பட்டியலில், வராதவர்களுக்கென்று ஒரு கட்டம் சேர்த்தேன்.

தங்கம் இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம். பந்தல், சாப்பாடு, துணிமணி முப்பத்தெட்டாயிரம். எல்லாரும் வந்த கேக் அறுநூற்றைம்பது. மூன்று பேர் வராத கேக் எட்டாயிரத்து ஐந்நூறு. ஆக மொத்தம், இரண்டு லட்சத்து அறுபத்தோராயிரத்து நூற்றைம்பது ரூபாய்.